குமிழிகளுக்குத் தர்ம தரிசனம்

கிட்டுசாமி ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் பாட்டிலைத்தான் பார்ப்பார். ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்ததும், ஒரு கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் இன்னும் கழற்றாத கம்பெனி பேட்ஜ், அப்படியே ஹால் மூலையில் போய்க் குந்துவார். இரண்டு லிட்டர் சோடா பாட்டிலைத் தூக்கிக் காதோரம் வைத்து லேசாகச் சுழற்றுவார். உள்ளே சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்ந்து சுர்ர் என்று ஏதோ ரகசியம் சொல்லும். அதைக் கேட்ட பிறகுதான் அவர் முகத்தில் மனுஷக் களை வரும். பெண்டாட்டி, பிள்ளை, தபால் எல்லாம் அதற்கப்புறம்.

பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு ஒரு மெல்லிய குழாய் சொருகியிருக்கிறார். அது வளைந்து ஏறி மீன் தொட்டிக்குள் இறங்குகிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுவிட்டுக் கரியமில வாயுவை விடும். அந்த வாயு தண்ணீரில் கரைந்தால் தொட்டிக்குள் நட்டிருக்கும் செடிகள் அதைச் சாப்பிட்டு வளரும். விஷயம் இவ்வளவுதான். இதையே கிட்டுசாமி வாயால் கேட்டால் ஒரு சாயங்காலம் போய்விடும், நடுவில் இரண்டு தடவை காபி வரும். ஒரு தடவை அவர் சொல்ல ஆரம்பித்தபோது நான் முகம் சவரம் செய்திருந்தேன். முடித்தபோது தாடி வந்திருந்தது.

கலிஃபோர்னியாவில் மில்பிடாஸ் என்ற ஊரில் ஒரே அபார்ட்மெண்டில் இருக்கிறோம். அவர் மாடி, நான் கீழ். தொட்டி சரியாக என் கட்டிலுக்கு நேர் மேலே. பூகம்பம் வந்தால் ஊரெல்லாம் மேஜைக்கு அடியில் ஒளியும். நான் நீச்சல் டிரவுசரோடு படுத்திருப்பேன்.

ஆள் நல்ல உயரம். பொள்ளாச்சிப் பக்கம். மீசையைப் பார்த்தால் நாலு பேருக்குத் தீர்ப்புச் சொல்கிற ஆள் மாதிரி இருப்பார். பேசினால் வெல்லப்பாகு. எதிரே இருப்பது நாய்க்குட்டியானாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் பேசுவார். மீன்களிடமும் அப்படித்தான். "சித்த நகருங்க, செடி நடோணும்" என்று கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுக்கொண்டு அவர் கேட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கம்பெனியில் சிப் டெஸ்ட் பண்ணுகிற வேலை. பகலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கம்பியைப் பார்க்கிறார், சாயங்காலம் கண்ணுக்குத் தெரியாத வாயுவைப் பார்க்கிறார். கண்ணுக்குத் தெரிகிற எதுவும் அவருக்குச் சிரமம். வீட்டில் சோபா மாற்றியதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம் ஆனது.

இந்த வருஷம் அவர்கள் லிவர்மோரில் வீடு வாங்கிவிட்டார்கள். மலை தாண்டி ஆபீஸ் போகவேண்டும். ஆனால் கோயில் பக்கம். அந்தச் சந்தோஷத்தில் மரகதம், அதாவது வீட்டம்மா, ஒரு சட்டமும் போட்டார். நான் சாம்பார் வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்த நேரம்.

"ஏனுங்க, சொல்லிப்போட்டேன். அந்தத் தொட்டியில பாக்கற மாதிரி ஒரு செடி நின்னாத்தான் அது லிவர்மோர் வண்டில ஏறும். இல்லீன்னா மத்த பழைய சாமானோட கராஜ் சேல்ல போயிரும். புது வீட்டுக்குப் பாசியெல்லாம் கட்டித் தூக்கிட்டு வர முடியாது."

"மரகதம், செடி வளருதல்ல..."

"எங்க வளருது? போன வருசம் நட்டப்ப என்ற விரல் ஒசரம். இப்ப நகம் ஒசரம்."

பொய்யில்லை. அந்தத் தொட்டியைப் பார்த்தால் யாரோ கீரை ஆய்ந்த தண்ணீரைக் கொட்டாமல் மறந்துவிட்ட மாதிரி இருந்தது. கண்ணாடியில் பழுப்புப் பாசி. நடுவில் நாலு குச்சி. அந்தக் குச்சிகளுக்கு நடுவே நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட குட்டி மீன்கள், வாடகை அதிகம் கொடுத்து மட்டமான வீட்டில் குடியிருப்பவர்கள் மாதிரி, சோகமாகப் போய்வந்துகொண்டிருந்தன.

பாட்டில் என்னவோ வாயுவை மூச்சுவிடாமல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. கோளாறு வேறு இடத்தில். குழாய் நுனியிலிருந்து குமிழி 'பொளக்' என்று கிளம்பும். நேரே மேலே ஏறும். தண்ணீர் விளிம்பில் 'டப்' என்று உடையும். வாயு ஹாலுக்குப் போய்விடும். செடிகள் கீழே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கிட்டுசாமி அதை எனக்கு, ஓட்டலில் டீ ஆற்றுகிறவனுக்கு, என் பாஷையில் புரியவைத்தார்.

"மாஸ்டர், முழுக் கல்கண்ட டீயில போட்டு ஒரே மடக்குல குடிச்சுப்போட்டா இனிக்குமுங்களா?"

"இனிக்காது சார். பல்லுதான் போவும்."

"அதேதானுங். குமிழி சின்னதா இருக்கோணும். தண்ணிக்குள்ள நெறைய நேரம் இருக்கோணும். ரெண்டும் இல்லீன்னா சக்கரைக்குப் புடிச்ச தெண்டம்."

குமிழியைத் தண்ணீருக்குள் பிடித்துவைக்க அவர் செய்யாத கூத்து இல்லை. முதலில் குழாய் நுனியில் நுரைக்கல் மாட்டினார். குமிழிகள் சின்னதாகத்தான் வந்தன. ஆனால் மேலே ஏறுகிற அவசரம் குறையவில்லை. பிறகு பிளாஸ்டிக் டம்ளரைக் கவிழ்த்து அதற்குள் வாயுவைச் சேர்த்தார். அது நிரம்பி நிரம்பி, பெரிய ஏப்பம் மாதிரி ஒன்றை விட்டு, மீன்களை நாலு பக்கமும் சிதறடித்தது. இதில் மரகதம் வீட்டுப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. வடிகட்டி போனது, புனல் போனது. குழந்தைக்கு மருந்து ஊற்றும் குட்டி டம்ளர்கூடப் போனது. அந்தக் குழந்தைக்கு, யாமினிக்கு, இப்போது ஏழாங்கிளாஸ்.

யாமினிக்குத் தமிழ் எல்லாம் புரியும், வாயிலிருந்து வராது. "அப்பா, த ஹோல் ஹவுஸ் ஸ்மெல்ஸ் லைக் பியர்" என்று ஒரு நாள் மூக்கைப் பிடித்தாள். ஈஸ்ட் வேலை செய்தால் அந்த வாடை வரும். மரகதத்துக்கு அதுதான் பெரிய மானப் பிரச்சினை. "கோயில்ல பாக்கறவங்கல்லாம் வீட்டுக்கு வாராங்க. இங்க வந்து மூந்து பாத்தா கள்ளுக்கடைங்கறாங்க." அப்படி யாரும் சொன்னதாக எனக்குத் தெரியாது. ஆனால் பத்மநாபன் என்று ஒருத்தர் மட்டும் காரணமே இல்லாமல் வாராவாரம் வந்து, தொட்டியைப் பார்ப்பது போல் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவன் சமாசாரத்தையும் சொல்லவேண்டும். அவன் என்றால் சமையலறையில் இருக்கும் ஓவன். நம் ஆட்கள் வீட்டில் ஓவனுக்குள் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கேக் இருக்காது. வாணலி, தோசைக்கல், அப்பளப் பொரிச்சட்டி, எல்லாம் குடியிருக்கும். குளிர்காலத்தில் மாவு பொங்காது என்று மரகதம் இட்லி மாவுக் குண்டானை ஓவனில் வைத்து, உள்ளே இருக்கும் லைட்டை மட்டும் போட்டுவிடுவார். அந்த இளஞ்சூட்டில் மாவு காலையில் தலைக்கு மேல் எழுந்து நிற்கும். இதைக் கிட்டுசாமி பார்த்துவிட்டார். மாவுக்கு ஆகிற சூடு ஈஸ்ட்டுக்கும் ஆகும்தானே? புதிதாகக் கலக்கிய பாட்டிலைக் கொண்டுபோய்க் குண்டானுக்குப் பக்கத்தில் துணைக்கு உட்கார்த்தி வைத்தார்.

யாமினியின் சிநேகிதிகள் வந்தார்கள். பீட்ஸா வந்தது. யாமினி ஓவனை ப்ரீஹீட் பண்ணினாள். அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு ஓவன் என்றால் சூடாகிற சாமான், நம்மைப் போல அலமாரி இல்லை.

பாட்டில் முதலில் இடுப்பை வளைத்தது. பிறகு உட்கார்ந்தது. பிறகு படுத்தது. சர்க்கரைத் தண்ணீர் ஓவன் முழுக்கப் பாகாய்க் காய்ந்து, இட்லி மாவு ஒரே இட்லியாக, லாரி டயர் சைஸுக்கு வெந்து நின்றது. புகை மணி அலறியதில் நான் ஈரத் துண்டோடு மாடிக்கு ஓடினேன். மரகதம் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். கிட்டுசாமி உருகிய பாட்டிலை இடுக்கியால் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூடி தாங்கிருச்சு பாருங் மாஸ்டர். லீக்கே இல்ல!"

அன்றைக்கே தொட்டி தெருவுக்குப் போயிருக்கும். மரகதம் ஓவன் சுரண்டுவதில் மும்முரமாக இருந்ததால் தப்பித்தது.

அடுத்த வாரம் மரகதத்தின் கோயில் சிநேகிதி விசாலாக்ஷி ஆன்ட்டி வந்தார்கள். ரொம்ப இளகிய மனசு. பட்டாணிக்கு வலிக்குமோ என்று உரிக்காமல் விடுகிற ஜாதி. "அடடா, மீனுக்குக் காத்தே வரலையே, மூச்சு முட்டாதா?" என்று கிட்டுசாமி ஆபீஸிலிருக்கும்போது பழைய காற்று பம்பைத் தேடிப் பிடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தொட்டி சாயங்காலம் வரைக்கும் சாம்பார் மாதிரி கொதித்தது. தண்ணீர் எவ்வளவு தளும்புகிறதோ அவ்வளவுக்குக் கரைந்த வாயு வெளியே ஓடிவிடும். கிட்டுசாமி வந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணத்துக்குச் சேத்து வெச்ச பாலையெல்லாம் பூனைக்கு ஊத்துனாப்பல ஆயிப்போச்சுங்."

"ஆன்ட்டி கிட்ட சொல்லவேண்டிதானே சார்?"

"எப்பிடிச் சொல்றதுங்? புண்ணியம்னு நெனச்சுச் செஞ்சாங்க." பம்பை எடுத்து ஆபீஸில் யாருக்கோ கொடுத்துவிட்டார். அத்தோடு சரி.

வீடு மாற இன்னும் ஒரு மாதம். செடி நகம் உயரத்திலேயே நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் லிவர்மோர் கோயிலுக்குப் போனோம். சிவனும் பெருமாளும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற கோயில், பெட்ரோலுக்கு லாபம். காரை நிறுத்தி, உள்ளே போய், கும்பிட்டு, புளியோதரை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். கிட்டுசாமி இலையைக் கையில் வைத்துக்கொண்டு திடீரென்று நின்றார்.

"மாஸ்டர், இங்க சாமி கும்புட்டா ஏனுங் மனசுல ஒட்டறதில்ல?"

"தெரியல சார். ஏசி ஜாஸ்தியா?"

"க்யூ இல்லீங். பழனில நாம எப்பிடிக் கும்புடறோம்? கம்பிக்குள்ள வுட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைய வெக்கறானில்லீங்? தர்ம தரிசனத்துல நின்னு நின்னு நம்ம திமிரெல்லாம் கரைஞ்சு போயிருது. சன்னிதிக்குப் போறப்ப ஆளே பாதிதான் இருக்கறமுங்." சொல்லிக்கொண்டே வந்தவர் புளியோதரையை என் கையில் திணித்தார். "குமிழிய க்யூவுல நிறுத்தோணுமுங்!"

வீட்டுக்கு வந்ததும் பழைய பாட்டு சிடி டப்பாக்களை எல்லாம் எடுத்தார். கண்ணாடி மாதிரியான அந்த மூடிகளை விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக அறுத்தார். மீன்தொட்டிக்கு ஒட்டும் பசையால் ஒன்றை இடப் பக்கம் சாய்வாக, அடுத்ததை வலப் பக்கம் சாய்வாக, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினார். பார்க்க அச்சாகப் பழனி வரிசைக் கம்பிதான். பாட்டுகள் எல்லாம் டப்பா இல்லாமல் டிரஸ் இல்லாத பிள்ளைகள் மாதிரி மேஜையில் கிடந்தன. மரகதம் பார்த்தார். சிடிகளை அள்ளி ஒரு அட்டைப் பெட்டியில் போட்டார்.

தொட்டிக்குள் அதை நிறுத்திக் குழாயை அடியில் சொருகினோம். குமிழி கிளம்பியது. நேரே ஏறப் பார்த்தது. தலையில் பட்டை இடித்தது. சரி என்று பட்டையின் அடியோடு நகர்ந்து நகர்ந்து கோடிக்குப் போய், அங்கே மேல் பட்டைக்குத் தாவி, திரும்ப இந்தக் கோடிக்கு வந்தது. அடியில் மிளகு சைஸில் நுழைந்தது. நடுவில் கடுகு. உச்சிக்கு வரும்போது ரவை. அப்புறம் தேடித்தான் பார்க்கவேண்டும். மீதியெல்லாம் தண்ணீரில் கரைந்துவிட்டது.

நானும் அவரும் சாமி ஊர்வலம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு குமிழிக்கும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாமினி வந்து பார்த்து, "யூ கைஸ் ஆர் சோ வியர்ட்" என்று சொல்லிவிட்டு, அவளும் உட்கார்ந்து தலையை ஆட்டினாள்.

செடிகள் எழுந்தன. மிகையாகச் சொல்லவில்லை, நான் கீழே தூங்கும்போது மேலே அவை வளர்கிற சத்தம் கேட்டது. குச்சிக்கு இலை வந்தது, இலைக்குப் பளபளப்பு வந்தது. கடைசி வாரம் ஒரு நாள் மத்தியானத்தில் இலைகளின் ஓரமெல்லாம் சின்னச் சின்ன முத்தாகக் காற்றுக் குமிழி கோத்து நின்றது. அது செடி விடுகிற பிராணவாயுவாம். வயிறு நிறைந்தால்தான் செடி அப்படி முத்து விடுமாம். கிட்டுசாமி போனில் என்னைக் கூப்பிட்டு, "முத்து வந்துருச்சுங்" என்றார். யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது, முத்து என்று பெயர் வைத்துவிட்டார்கள் போல என்று நினைக்கிற மாதிரிதான் இருந்தது அந்தக் குரல்.

மரகதம் மட்டும் இன்னும் பார்க்கவில்லை. மூட்டை கட்டும் வேலை. "கராஜ் சேலுக்கு முந்தின நாளு மத்தியானம் ஒரு எட்டுப் பாத்துப்போட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் தொந்தரவு பண்ணாதீங்க." முந்தின நாளும் வந்தது. கிட்டுசாமி லீவு. எனக்கு ஓட்டலில் வார விடுமுறை. சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டுவிட்டார். போய்ப் பார்த்தால் ஒரு பாட்டில் இருந்த இடத்தில் இரண்டு பாட்டில்.

"என்னா சார் இது?"

"ஒண்ணுக்கே இத்தன முத்துன்னா ரெண்டுக்கு எத்தனைன்னு யோசிங். இன்னிக்கு ஒருநாளு மட்டுந்தானுங்."

முத்து என்னவோ ஜோராகத்தான் வந்தது. நகைக்கடை ஷோகேஸ் தோற்றுவிடும். மரகதம் சமையலறையில் கை கழுவுகிற சத்தம் கேட்டது. கிட்டுசாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

டக்கென்று எல்லாம் அணைந்தது.

டாட்காம் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைச் சாத்திக்கொண்டிருந்த இந்த வருஷத்தில் கலிஃபோர்னியாவுக்குக் கரண்ட்டும் போதவில்லை. பேட்டை பேட்டையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கா வந்தும் பவர்கட்டா என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னால் அங்கே விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு எங்கள் முறை. தொட்டி லைட் போச்சு. தண்ணீரைச் சுற்றிவிடும் ஃபில்டர் முனகிக்கொண்டே அடங்கியது. முத்துகள் ஒவ்வொன்றாக இலையைவிட்டுப் போயின.

"இருங், இப்ப வந்துரும்" என்றார் கிட்டுசாமி. உள்ளே பார்த்து, "மரகதம், சித்த இரு. கரண்ட் வந்தொடன வா" என்றார்.

வரவில்லை. அரை இருட்டில் உட்கார்ந்திருந்தோம். பாட்டில்கள் இரண்டும் மட்டும் சுர்ர் சுர்ர் என்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஈஸ்ட்டுக்குக் கரண்ட் வேண்டாமே. வெளிச்சம் போனதும் செடிகள் சாப்பாட்டை நிறுத்திவிட்டன, பரிமாறுகிறவன் நிறுத்தவில்லை.

நான்தான் முதலில் பார்த்தேன். "சார், மீனெல்லாம் ஏன் மேல வருது?"

கோடு போட்ட குட்டி மீன்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீர் விளிம்புக்கு வந்து, வாயை வெளியே நீட்டிப் பிளந்து பிளந்து மூடின. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, திரும்ப நிமிர்ந்தது. கிட்டுசாமி குழாயைப் பிடுங்கினார். பாட்டில்களைத் தூக்கி பால்கனியில் வைத்தார். திரும்பி வந்து தொட்டியைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார். மீனுக்கு மூச்சு முட்டவைக்கிற அந்த வாயு கரைந்தது கரைந்ததுதான்; குழாயைப் பிடுங்கினால் அது போகாது. தண்ணீரைக் கலக்கினால் மீன் பிழைக்கும், கரண்ட் வந்தாலும் முத்து வராது. நாளைக்குக் காலையில் கராஜ் சேல்.

அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. கட்டி வைத்திருந்த அட்டைப் பெட்டியை நகத்தால் கிழித்தார். செய்தித்தாள் சுற்றிய எவர்சில்வர் சொம்பு ஒன்று கையில் அகப்பட்டது. தொட்டியிலிருந்து ஒரு சொம்பு முகந்தார். கையை உயர்த்தி, அதே தண்ணீரை மேலிருந்து தொட்டியில் ஊற்றினார். மறுபடி முகந்தார், மறுபடி ஊற்றினார். தண்ணீர் நுரைத்துத் தளும்பியது. ஒரு வருஷம் தவமிருந்து கரைத்த வாயு, சொம்பு சொம்பாக ஹாலில் ஏறிக்கொண்டிருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சார், எங்க ஓட்டல்ல டீ ஆத்துற ஆள் வேணும். நாளைக்கே வந்துடுங்க" என்றேன்.

அவர் அடுத்த சொம்பை முகந்தார்.

"காட்டறதுக்கு ஒரு முத்துகூட இருக்காதே சார்?"

"போவுட்டுங். மீனு மூச்சுக்குத் தவிக்குதுங்."

சட்டை முழுக்க நனைந்துவிட்டது. ஊற்றுகிற உயரம் குறைந்துகொண்டே வந்தது. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே மரகதம் வந்து வாசல்படியில் நின்றிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. தொட்டியைப் பார்த்தார். மீன்களின் வாயைப் பார்த்தார். கிழிந்த பெட்டியையும் பார்த்தார்.

"ஏனுங்க, இந்த ஒசரத்துல ஊத்துனா எப்ப ஆறறது? இங்க குடுங்க."

சொம்பை வாங்கி, முகந்து, தலைக்கு மேல் தூக்கி ஒரே கோடாக ஊற்றினார். நான் பதினெட்டு வருஷமாக டீ ஆற்றுகிறவன். அப்படி ஒரு கோடு எனக்கு வந்ததில்லை. முகந்தார், ஊற்றினார். தொட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினார்.

"லிவர்மோர்ல இத அடுப்படியோரமா வெச்சுக்கலாம். கரண்ட் போறப்பல்லாம் சொம்பு எடுக்க ஹாலுக்கும் அடுப்படிக்கும் ஓட என்னால ஆவாது."

லைட் வந்தது, ஃபில்டர் முனகியது. மரகதம் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். குனிந்து முகக்கும்போது அவருடைய துப்பட்டா நுனி தண்ணீருக்குள் சரியப் பார்த்தது. கிட்டுசாமி ஈரக் கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துவிட்டு, அந்த நுனியை எடுத்து, நனையாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.